‘பால் பத்தலை’ என்று டப்பா வாங்கும் முன்: பாலூட்டும் அம்மாக்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள்

தியாகராய நகர் துணிக்கடையோ, அம்பத்தூர் தொழிற்சாலையோ, ஓ.எம்.ஆர். ஐ.டி. அலுவலகமோ, பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாவுக்குக் குழந்தையின் 15 மாதம் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வழக்கமான சாப்பாட்டு, ஓய்வு நேரத்துக்கு மேல் தரவேண்டிய நேரம் இது. இதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்த உரிமைதான். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. 26 வார விடுப்பை அறிந்த அம்மாக்களில்கூட இந்த இடைவேளையைக் கேள்விப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடுப்பு விவரம் சுருக்கமாக: முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ. வழியாக வரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். அம்மா நாளுக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம்.

சரி, உரிமை இருந்தும் பால் ஏன் பாதியில் நின்றுபோகிறது? மாலையில் குழந்தை விடாமல் அழும். “பால் பத்தலைம்மா, டப்பா பால் கொடுத்துடு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அந்த நேரத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று அம்மாவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பிறந்த ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் சீராக ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். அழுகை மட்டும் அளவுகோல் ஆகாது. எடை ஏறவில்லை, சிறுநீர் குறைந்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். புட்டிப்பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும், அப்புறம் ‘பத்தலை’ என்பது நிஜமாகிவிடும். இது புரிந்த அம்மா அவ்வளவு சீக்கிரம் நிறுத்தமாட்டார். மருத்துவத் தகவலைக் கேட்டு, புரிந்து, தன் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கும் இந்தத் திறனைப் பள்ளிப் படிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டிகிரி முடித்தவர்களும் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவிச் சேனை வைக்கிறார்கள், கோடை என்று ஆறு மாதத்துக்கு முன்பே தண்ணீர் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். சென்னை வெயிலுக்கும் அதுவே போதும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

வேலைக்குப் போகும் நாளில் சுத்தமான கையால், சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். நம் ஊர்ச் சூட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம்.

இன்னொரு சட்டம், 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, அம்மாக்களுக்கு இலவச மாதிரியோ பரிசோ தரக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படமும் போடக் கூடாது. ஒரு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பையில் என் தோழிக்கு ஒரு டப்பா இருந்தது. அன்பளிப்பு என்றே அவள் நம்பினாள். உண்மையிலேயே பவுடர் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அதை டாக்டர் காரணத்தோடு சொல்ல வேண்டும், விற்பனையாளர் சொல்லக் கூடாது.

வேலைக்குத் திரும்பும் முன்பே இரண்டு இடைவேளைக்கான நேரத்தைக் குறித்து நிர்வாகத்துக்குக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் தரலாம். பால் குறித்த சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசிக்கு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது, குழந்தையின் எடையைத் தாய் சேய் அட்டையில் குறித்துக் காட்டச் சொல்லி, அதிலுள்ள எடைக் கோடு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்.