மாநில செனட்டரும் மாநிலங்களவை உறுப்பினரும் ஒன்றல்ல

போன வாரம் திருத்தத்துக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி இரண்டு வரிகள் இருந்தன: 'ஒபாமா 1997 முதல் 2004 வரை மாநிலங்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். 2005 ஜனவரியில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார்.' எட்டு வருடம் இருந்த பதவியை ஒன்பதாம் வருடம் எதற்காகப் புதிதாக ஏற்க வேண்டும் என்று எழுதியவருக்கு ஒரு கணம்கூட உறுத்தவில்லை. இந்தக் குழப்பத்தை நான் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை. இந்திய வம்சாவளியினர் யாராவது அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் தேர்தலில் ஜெயித்தால் போதும், அடுத்த நாளே அவரைத் தமிழில் மாநிலங்களவைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நடந்தது இதுதான். 1996-இல் ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்டது இல்லினாய் என்ற ஒரு மாநிலத்தின் செனட்டுக்கு. 59 பேர் கொண்ட அந்த அவை ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் கூடுகிறது. 2005-இல் அவர் போனது வாஷிங்டனில் கூடும் 100 பேர் கொண்ட அமெரிக்க செனட்டுக்கு. நம் மாநிலங்களவையோடு ஒப்பிடத்தக்கது இந்த இரண்டாவது மட்டும்தான். 'மாநில செனட்டர்' என்பதில் 'மாநில' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக 'மாநிலங்களவை' என்று எழுதிவிடுகிறது. மாநிலங்களவை என்பது மாநிலங்களுக்காக நாட்டின் தலைநகரில் கூடும் அவை. மாநில செனட்டோ ஒரு மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் அவை. பன்மை விகுதி ஒன்று ஆளையே இடம் மாற்றிவிடுகிறது.

பெயரில் என்ன, புரிந்தால் சரி என்று விட முடியவில்லை. கொலை வழக்குகளில் போலீஸ் விசாரணையை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்ய வேண்டும் என்று 2003-இல் இல்லினாய் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னின்று பாடுபட்டவர்களில் ஒபாமா முக்கியமானவர். 'மாநிலங்களவை உறுப்பினர் ஒபாமா கொண்டுவந்த சட்டம்' என்று எழுதினால் அமெரிக்கா முழுவதற்கும் அந்தச் சட்டம் வந்ததாகத்தானே படிப்பவர் நினைப்பார்?

செனட் என்ற சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். அதிலிருந்து ரோமாபுரியின் 'செனாட்டுஸ்', அதிலிருந்து செனட். அவ்வளவுதான்.

'மாநில செனட்டர்' என்பதற்குச் சரியான தமிழ் 'மாநில மேலவை உறுப்பினர்'. இதை நான் புதிதாக உருவாக்கவில்லை. நாடாளுமன்றத்துக்கு மக்களவை, மாநிலங்களவை; மாநிலத்துக்குப் பேரவை, மேலவை என்று நான்கு அவைக்கு நான்கு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அண்ணாவின் அரசியல் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் காஞ்சிபுரத்திலிருந்து பேரவைக்கு. 1962-இல் மாநிலங்களவைக்கு. 1967-இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்கு. அப்புறம் முதல்வராக வந்தபோது மேலவைக்கு. நான்கையும் பார்த்த ஒருவரின் வரலாற்றைத் தமிழில் எழுத யாரும் தடுமாறுவதில்லை. தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-இல் கலைக்கப்பட்டது. அவை போனதோடு சொல்லும் நினைவிலிருந்து நழுவியதுதான் இன்றைய குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் கர்நாடகம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசத்திலெல்லாம் மேலவை இன்றும் இருக்கிறது. அங்கே நடப்பதை எழுதும்போது இந்தச் சொல் தடங்கல் இல்லாமல் வருகிறதே.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் செனட்டை 'மூதவை' என்கிறார்கள். முதுமை + அவை. காதுக்கு இனிய சொல், இலக்கணப் பிழையும் கிடையாது. 'அவை' என்ற சொல்லின் பெருமையும் தெரிந்ததே; அவையறிதல், அவையஞ்சாமை என்று வள்ளுவர் இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனாலும் நான் இதை ஏற்பதில்லை. மூதவை என்பது செனட்டின் வேரை மொழிபெயர்க்கிறது, அது செய்யும் வேலையை மொழிபெயர்க்கவில்லை. இல்லினாய் செனட்டுக்குப் போட்டியிட 21 வயது நிரம்பினால் போதும். இருபத்தொரு வயதுக்காரர் உட்காரக்கூடிய இடத்தை மூத்தோர் அவை என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்? அதோடு அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. இலங்கைத் தமிழில் பல்கலைக்கழக செனட்டுக்கு மூதவை என்பதே புழங்கும் பெயர். யாழ்ப்பாணத்து வாசகர் 'மூதவை கூடியது' என்று படித்தால் பேராசிரியர்கள் கூடியதாகத்தான் நினைப்பார்.

மேலவைக்கு எதிராக அவர்கள் சொல்வதில் ஒன்று கனமானது. நம் மேலவைக்கு மக்கள் நேரடியாக வாக்களித்து ஆள் அனுப்புவதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சியினர், பட்டதாரிகள், ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பவர்களும் ஆளுநரின் நியமனமும்தான். அமெரிக்க மாநில செனட்டரோ மக்களின் நேரடி வாக்கில் வருகிறார். வேறுபாடு உண்மையே. ஆனால் 'மேலவை' என்ற சொல் தேர்தல் முறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஈரவை கொண்ட சட்டமன்றத்தில் இது எந்த அவை என்று மட்டுமே அது சொல்கிறது. ஒரு பெயரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மேலவை பொருந்தாத ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1937 முதல் ஒரே அவைதான். அதன் 49 உறுப்பினர்களையும் செனட்டர் என்றே அழைக்கிறார்கள். கீழவையே இல்லாத இடத்தில் மேலவை ஏது? அங்கே 'சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதுங்கள், போதும்.

இதே வரிசையில் 'சட்டமியற்றுபவர்' என்ற ஒன்று வேறு. 'குடியரசுக் கட்சிச் சட்டமியற்றுபவர்கள் எதிர்ப்பு' என்று தினமும் ஒரு தலைப்பாவது கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் 'லாமேக்கர்' என்பது தலைப்பில் இடத்தை மிச்சம் பிடிக்க உதவும் குட்டிச் சொல். தமிழில் அதுவே இடத்தை அடைக்கிறது. எந்த அவை, மாநிலமா நாடா என்பதையும் மறைத்துவிடுகிறது. 'மாநிலப் பிரதிநிதி' என்பதும் அப்படித்தான். மாநில அரசு ஏதோ ஒரு கூட்டத்துக்கு அனுப்பிவைத்த தூதர் போல இருக்கிறது. அவர் மாநிலக் கீழவை உறுப்பினர், அவ்வளவே. மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறப்பதற்கு முன்னால், இந்த ஆள் எந்த ஊரில், எந்த அவையில் உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டே போனால் தமிழ் வாக்கியம் வரும், செய்தி வராது.

அந்த இரண்டு வரிகளையும் இப்படி மாற்றி அனுப்பினேன்: 'ஒபாமா 1997 முதல் 2004 வரை இல்லினாய் மாநில மேலவை உறுப்பினராக இருந்தார். 2005 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பதவியேற்றார்.'