மே மாசம் ஊட்டில மீன் வெலை ஏன் எகிறுது? தடைக்காலம், நிவாரணம், இழுவை மடி பத்தி கொஞ்சம் வெளக்கமா

சீசன் டைம்ல மார்க்கெட்டுக்குப் போனா "என்னண்ணா வஞ்சிரத்துக்கு இந்த வெலை சொல்றீங்க"ன்னு கேக்காத ஆளே இல்ல, கடைக்காரரும் "தடைக்காலம்ங்க"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவாரு. டூரிஸ்ட் கூட்டம்தான் வெலைய ஏத்துதுன்னு நாம நெனைச்சுக்குறோம். அதுவும் ஓரளவு உண்மைதான், ஆனா இங்க மலர் கண்காட்சி நடக்குற மே மாசம் பூரா கிழக்குக் கடற்கரைல விசைப்படகு ஒண்ணுகூட கடலுக்குப் போகக்கூடாது.

ரூல் என்னன்னா, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம்னு 1983ல வந்துச்சு, அதுக்குக் கீழதான் இந்தத் தடைய அறிவிக்கிறாங்க. திருவள்ளூர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்ன 45 நாளா இருந்தத 2017ல 61 ஆக்குனாங்க. மீன் முட்டை போடுற சமயம் அதுங்கறதுதான் காரணம். கன்னியாகுமரி மாவட்டத்தோட மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளாவுல ஜூன் 9 நடுராத்திரில ஆரம்பிச்சு ஜூலை 31 வரை 52 நாள். இதை நாம நம்ம மலைக்கு மாத்தி யோசிச்சா, மே மாசத்துல கூடலூர் வழியா கோழிக்கோடு லோடு வந்துட்டுதான் இருக்கும், ஜூன் 15க்கு மேல கிழக்குக் கரை தொறந்துடும், நடுவுல ஜூன் 10ல இருந்து 14 வரைக்கும்தான் ரெண்டு பக்கமும் அடைப்பு, அந்த அஞ்சு நாள்ல பெரிய மீன் 'இன்னைக்கு வந்ததுங்க'ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் செவுளைத் தூக்கிப் பாத்துட்டே வாங்குங்க.

இந்தத் தடை விசைப்படகுக்கும், கடல் தரைய ஒட்டி இழுக்குற இழுவை மடி வலைக்கும்தான், நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் கிடையாது. அதனால நெத்திலி, சாளை எல்லாம் வந்துட்டேதான் இருக்கும், வெலையும் தாங்கும்.

இனி காசு விஷயம். தடைக்கால நிவாரணமா ஒரு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபா, 2023ல அறிவிச்சு ஏத்துனது, அதுக்கு முன்ன 5,000தான். 61ஆல வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு 131 ரூபா வருது, நம்ம எஸ்டேட் தினக்கூலியோட வெச்சுப் பாத்தாலே புரியும் இதை வெச்சு என்ன பண்ண முடியும்னு. இது போக மீன் கொறைவா கிடைக்கிற மாசங்களுக்கு 6,000 தனியா உண்டு. சேமிப்பு நிவாரணத் திட்டம்னு ஒண்ணும் இருக்கு, அதுல மீனவர் 1,500 கட்டுனா மத்திய அரசு 1,500 மாநில அரசு 1,500 சேத்து 4,500ஆ திரும்பக் குடுப்பாங்க. எல்லாமே கடல் மீனவர் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா இருக்குற, கடல் தொழில் பாக்குற குடும்பத்துக்குத்தான். நம்ம ஊர்ல மீன் கடை வெச்சிருக்கவங்களுக்கோ, பைக்காரா டேம்ல மீன் புடிக்கிறவங்களுக்கோ இது கிடையாது, அவங்களுக்கு வேற திட்டங்க.

சரி, ரெண்டு மாசம் லீவு விட்டா கடல் தேறிடுமா? எனக்கு அங்கதான் சந்தேகம். இழுவை மடிங்கறது பெரிய பை மாதிரி வலை, வாய் விரிஞ்சே இருக்கறதுக்கு ரெண்டு பக்கமும் கனமான பலகை, அடியில சங்கிலியோ ரோலரோ, அதைத் தரையோட தரையா மணிக்கணக்குல இழுத்துட்டே போவாங்க. குறி வெக்கிறது இறாலுக்கு, ஏன்னா ஏற்றுமதி காசு அதுலதான். கூட வர்றது கடல்புல், பஞ்சுயிர், நண்டுக்குஞ்சு, மீன்குஞ்சு எல்லாம். கேத்தில நாலு கேரட் பறிக்கறதுக்கு தோட்டத்து மேல்மண்ணையே வாரிட்டுப் போற மாதிரின்னு வெச்சுக்கங்க. கரைக்கு வந்ததும் இறாலைப் பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தை 'சங்காயம்'னு ஒதுக்கிக் கொட்டுவாங்க. கிட்டப் போய்ப் பாத்தா அந்தக் குவியல்ல வெரல் நீளம் கூட இல்லாத சீலா, பாறை, சங்கரா எல்லாம் கெடக்கும், ரெண்டு வருஷம் விட்டிருந்தா கிலோ கணக்குல நின்னிருக்க வேண்டிய மீனு. அதைக் காயவெச்சு கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் அள்ளு வெலைக்குக் குடுத்துடுறாங்க. வலைக்கண் இவ்வளவுக்குக் கீழ இருக்கக்கூடாதுன்னும், கரைய ஒட்டின பகுதி நாட்டுப்படகுக்குன்னும், ரெண்டு படகு சேந்து ஒரே வலைய இழுக்குற ரெட்டை மடி கூடவே கூடாதுன்னும் சட்டத்துல இருக்குங்க, இருக்குறதுக்கெல்லாம் கொறையே இல்ல.

நமக்கும் இலங்கைக்கும் நடுவுல இருக்குற பாக் விரிகுடாலதான் இது ரொம்ப முத்திப் போச்சு. ஆழமே இல்லாத கடல், கடல்புல் நெறைய, ஆவுளியாங்கற கடல்பசு மேயுற எடம், 2022ல 448 சதுர கிலோமீட்டரை அதுக்காகவே பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. நம்ம பக்கம் மீன் கொறைஞ்சதும் விசைப்படகு இலங்கை எல்லைக்கோட்டத் தாண்டுது, அந்தப் பக்கம் சண்டை முடிஞ்சு 2009க்கு அப்புறம்தான் மறுபடி வலையெடுத்த வடக்கு மாகாணத்துத் தமிழ் மீனவங்க வலையெல்லாம் அறுந்து போகுது. இலங்கை 2017ல இழுவை மடியையே தடை பண்ணிடுச்சு. டேன்டீல, அதாவது அரசு தேயிலைத் தோட்டக் கழகத்துல, வேலை பாக்குற, இலங்கைல இருந்து தாயகம் திரும்பிய நம்ம குடும்பங்கள்ல பலருக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, அதனால டிவில "மீனவர்கள் கைது"ன்னு வர்றப்ப இங்க கோத்தகிரில, கூடலூர்ல பேச்சு ஒரு பக்கமா மட்டும் இருக்காது.

இதுக்குத் தீர்வுன்னு 2017 ஜூலைல ராமேஸ்வரத்துல ஒரு திட்டம் தொடங்குனாங்க. இழுவைப்படகக் குடுத்துட்டு ஆழ்கடல்ல தூண்டில் போட்டு சூரை (டூனா) புடிக்கிற படகுக்கு மாறணும், மூணு வருஷத்துல 2,000 படகு, மொத்தம் 1,600 கோடி. படகு ஒண்ணு 80 லட்சம், அதுல மத்திய அரசு 40, மாநில அரசு 16, பேங்க் கடன் 16, மீனவர் கைக்காசு 8 லட்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு வருஷம் தாண்டியும் 2,000க்குப் பக்கத்துல கூட போகலை. ஒரே ராத்திரில திரும்புற ஆளை, வாரக்கணக்குல நடுக்கடல்ல இருக்கச் சொல்றோம், தூண்டில் தொழில் அவருக்குப் பழக்கம் கிடையாது, அந்தப் பெரிய படகைக் கட்ட பாக் விரிகுடால ஆழமும் கிடையாது, அதுக்குன்னு மூக்கையூர்லயும் குந்துகால்லயும் தனியா எடம் கட்ட வேண்டியதாச்சு. கடனும் 8 லட்சமும் தலைமேல, சூரைக்கு வெலை யாரு சொல்றாங்கன்னே தெரியாது. இன்னொரு பக்கம் பழைய விசைப்படகுக்கு வருஷம் 19,000 லிட்டர் வரைக்கும் வரி இல்லாத டீசலும் நாமளே குடுக்குறோம். ஒரு கைல இழுத்துட்டு இன்னொரு கைல தள்ளுனா படகுக்காரர் எந்தப் பக்கம் போவாரு, கணக்கு எதுல கட்டுப்படியாகுதோ அதுலதான் இருப்பாரு, அவரைத் திட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

மலைல இருக்குற நமக்கு இதுல விண்ணப்பிக்க எதுவும் இல்ல. கடற்கரைல சொந்தக்காரங்க இருந்தா மட்டும், சங்க உறுப்பினர் அட்டை, ரேஷன் கார்டு, பேங்க் அக்கவுண்ட் மூணுலயும் பேரு ஒரே மாதிரி இருக்கான்னு ஏப்ரலுக்கு முன்னாடியே பாத்து வெக்கச் சொல்லுங்க, பணம் நேரா அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். பேர்ல ஒரு எழுத்து மாறுனாலும் அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையணும்.