ரம்மி ஆடக் கூப்பிடும் பறைக் குழு

போன வாரம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். பிள்ளைகளுக்குப் பறையும் வீதி நாடகமும் சொல்லித்தரும் சின்ன அறக்கட்டளை நடத்துகிறவர். "தம்பி, நம்ம வெப்சைட்டைத் திறந்தா ரம்மி ஆடச் சொல்லுது. நன்கொடை தர்றேன்னவர் அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு."

இந்த வருஷம் இது மூன்றாவது. முதலில் ராயபுரம், அப்புறம் பெரம்பூர், இப்போது இது.

யாரும் ஹேக் செய்யவில்லை. டொமைன், அதாவது வெப்சைட்டின் விலாசம், காலாவதியாகி, வேறு எவனோ வாங்கிவிட்டான். அதைப் பதிவு செய்துகொடுத்த தன்னார்வலர் இப்போது துபாயில். நினைவூட்டல் மெயில் எல்லாம் அவருடைய பழைய ஆபீஸ் ஐடிக்குப் போயிருக்கிறது.

அக்கா அடுத்துக் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. "வேர்ட்பிரஸ் இலவசம்தானே தம்பி, அதுக்கு எதுக்கு வருஷா வருஷம் பணம்?"

வேர்ட்பிரஸ் இலவசம்தான். வெப்சைட் கட்டும் இந்த மென்பொருள் 2003இல் வந்தது. அதே வேலைக்கு, அதற்கு முன்பே வந்த துருபலும், 2005இல் வந்த ஜூம்லாவும் இலவசம்தான். ஆனால் பறையை யாரோ தானமாகக் கொடுத்தார் என்பதற்காக மண்டபக்காரர் வாடகையை விட்டுவிடுவாரா? மென்பொருள் உங்கள் பறை. வெப்சைட்டை வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங், மண்டபம். டொமைன், நோட்டீஸில் அச்சடித்த விலாசம். மண்டபத்துக்கும் விலாசத்துக்கும் வருஷா வருஷம் பணம் கட்டியே ஆக வேண்டும். போதாக்குறைக்கு வேர்ட்பிரஸ் டாட் காம், டாட் ஆர்க் என்று இரண்டு. டாட் காம் ஒரு நிறுவனம் நடத்தும் வாடகை இடம். அதன் இலவசத் திட்டத்தில் உங்கள் விலாசத்துக்கு அவர்கள் பெயர்தான் வால். டாட் ஆர்க்கில் மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம், இடத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

விலாசம் .org என்று முடியும் டொமைன் ஒரே நாளில் பறிபோகாது. காலாவதியான பின் பொதுவாகச் சில வாரம் அவகாசம் கிடைக்கும். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அபராதம்தான் கொஞ்சம் கடுமை. அதற்குப் பின் நீக்கம் முழுசாக முடிய 5 நாள். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும். இத்தனை நாளில் ஒருவர்கூடத் தங்கள் தளத்தைத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இன்றைக்கே செய்யுங்கள். டொமைன் அறக்கட்டளை பெயரில் இருக்கட்டும், மெயில் ஐடி இரண்டு அறங்காவலர்களாவது திறக்கக்கூடியதாக இருக்கட்டும். ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். நிகழ்ச்சிப் படம் ஏற்ற வரும் பையனுக்கு எடிட்டர் அனுமதி போதும். அட்மின் பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். காசு கேட்கும் 'தீம்'களை, அதாவது தளத்தின் தோற்றத்துக்கான வடிவமைப்புகளை, திருட்டுத்தனமாக இறக்காதீர்கள், உள்ளே வைரஸ் இருக்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். பேக்கப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் புளியந்தோப்பில் ஒரு குழுவின் பத்து வருஷப் படங்கள் ஹார்ட் டிஸ்கோடு தண்ணீரில் போனதை நான் பார்த்தேன்.

அக்காவின் பழைய பக்கங்கள் கொஞ்சம், பழைய வெப்சைட் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைத்தன. புது விலாசமும் வாங்கியாயிற்று. பழைய விலாசத்தை முதுகில் அச்சடித்த அறுபது டி-ஷர்ட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார். மேலே துணி வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.