பாலில் ஒளிந்து வந்த வைரஸ்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஜாக்சன் ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்று வரும் சுண்டெலி வம்சம் ஒன்று இருந்தது. அங்கே ஆராய்ந்த ஜான் பிட்னர் அந்த வம்சத்துக் குட்டிகளைப் பிறந்த கையோடு எடுத்து, புற்று அதிகம் வராத வேறு வம்சத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். வளர்ந்த பிறகு அவற்றில் புற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பரம்பரை நோய் என்று நினைத்தது பாலில் வந்திருக்கிறது! 1936இல் அவர் இதை வெளியிட்டார். பாலில் இருந்தது ஒரு வைரஸ் என்பது அப்புறம்தான் தெரிந்தது. (இது எலியின் கதை. மனிதரில் தாய்ப்பால் கொடுப்பது மார்பகப் புற்றின் அபாயத்தைக் குறைக்கவே செய்கிறது.)

பால் சுரப்பி ஒரு விசித்திரமான உறுப்பு. பிறக்கும்போது கொழுப்புக்குள் சில சின்னக் குழாய்கள்தான். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அவற்றை நீட்டுகிறது. கர்ப்பத்தில் புரோஜெஸ்ட்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன், விண்ட்4 என்ற மரபணுவை எழுப்பிக் கிளைவிட வைக்கிறது. அடுத்து புரோலாக்டின் ஹார்மோன். அது செல்லின் மேல் தனக்கென உள்ள ஏற்பியில் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தில்) ஒட்டியதும், உள்ளே ஸ்டாட்5 என்ற புரதம் உட்கருவுக்குப் போய் கேசீன் என்ற பால் புரதத்தின் மரபணுவின் வாசலில் உட்காருகிறது. பால் புரதம் தயாராகிறது. கேசீன் மரபணு மூளைச் செல்லிலும் இருக்கிறது, அங்கே அதைப் படிக்க ஆளில்லை. மரபணு வெளிப்பாடு என்பது இதுதான்.

குட்டிகள் பால் மறந்ததும் ஸ்டாட்5இன் உறவுக்காரப் புரதமான ஸ்டாட்3 பொறுப்பேற்று, பால் செல்கள் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. முதல் இரண்டு நாளுக்குள் குட்டிகளைத் திரும்ப விட்டால் எலிக்குப் பால் மறுபடி ஊறும். அதன்பிறகு விட்டுப் பயனில்லை.

இந்தச் சுரப்பியின் நாடி வைரஸுக்குத் தெரியும். அதன் மரபுப்பொருளில் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்கும் பகுதி ஒன்று உண்டு. அதனால் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் நாட்களிலும் அது பெருகி, பாலோடு குட்டியின் குடலுக்குப் போய், நோய் எதிர்ப்புச் செல்களில் ஏறிப் பால் சுரப்பியை அடைகிறது. அங்கே செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னைச் செருகிக்கொள்கிறது. எந்த இடம் என்பது பெரும்பாலும் குருட்டாம்போக்கு.

சிக்கல் அங்கேதான். 1982இல் ஆய்வாளர்கள் ரூல் நுஸ்ஸேயும் ஹெரால்ட் வார்மஸும் பல எலிக் கட்டிகளில் வைரஸ் ஒரே மரபணுவின் பக்கத்தில் இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அதை இன்று விண்ட்1 என்கிறோம். பால் சுரப்பியில் அது ஒருபோதும் பேசுவதில்லை; கருவில் மூளை உருவாகும்போது வேலை செய்வது. வைரஸின் ஹார்மோன் பகுதி பக்கத்தில் வந்ததும் அது விழித்துக்கொள்கிறது. விண்ட்4இன் உறவுக்கார மரபணு இது. ஆகவே சுரப்பிக்கு இது பழகிய குரல்: கிளைவிடு! ஆனால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. விண்ட்1ஐ இப்படி நிரந்தரமாக முடுக்கிவிட்ட எலிகளில், கன்னி எலியின் சுரப்பிகூடக் கர்ப்பிணியினுடையதுபோல் அடர்ந்து வளர்ந்தது.

மனிதரின் மார்பகப் புற்றில் ஆட்கள் வேறு, வித்தை ஒன்றுதான். இயல்பான மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள செல் தானே பெருகுவது அரிது. பக்கத்துச் செல்லுக்குத்தான் 'வளர்' என்று சேதி அனுப்புகிறது. பல கட்டிகளில் ஏற்பி உள்ள செல்லே பெருகத் தொடங்கிவிடுகிறது. இத்தகைய புற்றுக்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை அந்த ஏற்பியில் முந்திப் போய் உட்கார்ந்து, ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் இல்லாமல் செய்கிறது.