கம்பளித் துணிக்குச் சுங்கத் துறை எண் கொடுப்பது எப்படி?

ஒரு துணியில் பாலியஸ்டர் வெட்டிழை (குட்டையாக நறுக்கிய இழை) 45 சதவீதம், செம்மறியாட்டுக் கம்பளி 30 சதவீதம், காஷ்மீர் ஆட்டு மயிர் 25 சதவீதம். இது என்ன துணி? யாரைக் கேட்டாலும் பாலியஸ்டர் துணி என்பார்கள். பெரிய பங்கு அதுதானே! ஆனால் துறைமுகத்தில் இது கம்பளித் துணி. வரி விகிதம், வர்த்தக ஒப்பந்தச் சலுகை எல்லாம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

காரணம், கணக்குப் போடும் வரிசை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீட்டு முறை 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் ஆறு இலக்க எண், அந்த முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியா அதோடு இன்னும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் காட்டும்: 50 பட்டு, 51 கம்பளியும் விலங்கு மயிரும், 52 பருத்தி, 54 செயற்கை நீளிழை (நறுக்காமல் நீண்டு ஓடும் இழை), 55 செயற்கை வெட்டிழை. கலப்புத் துணி வந்தால் தனித்தனி இழைகளை ஒப்பிடக் கூடாது. முதலில் ஒரே அத்தியாயத்து இழைகளைக் கூட்ட வேண்டும். செம்மறியும் காஷ்மீர் ஆடும் 51-இல் இருப்பதால் 30-உம் 25-உம் சேர்ந்து 55 ஆகிறது. பாலியஸ்டர் தோற்றுவிட்டது.

இதே விதி எதிர்த்திசையிலும் வெட்டும். கம்பளி 45, பாலியஸ்டர் வெட்டிழை 30, நைலான் நீளிழை 25 என்று ஒரு துணி இருந்தால், வேறோர் அத்தியாயத்தோடு மோதும்போது 54-உம் 55-உம் ஒன்றாகவே எண்ணப்படும். அப்போது செயற்கை இழை 55 சதவீதமாகி, கம்பளி வெளியே போகிறது. அதிகம் இருக்கும் இழையைப் பார்த்தவுடன் எண்ணை எழுதிவிடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

'கம்பளி' என்ற சொல்லுக்கும் சட்டத்தில் ஒரு வேலி உண்டு. செம்மறியாட்டின், அதன் குட்டியின் மயிர் மட்டுமே கம்பளி. அது எவ்வளவு முரடாக இருந்தாலும் சரி. காஷ்மீர் ஆடு, அங்கோரா ஆடு, முயல், ஒட்டகம், யாக், அல்பாக்கா போன்றவை 'நுண்மயிர்'. நம் ஊர் வெள்ளாட்டின் மயிர் 'முரட்டு மயிர்'. அதில் நெய்த துணிக்கு 5113 என்று தனித் தலைப்பே இருக்கிறது. நெய்யாமல் பின்னிய துணி என்றால் 60-ஆம் அத்தியாயம், இழைகளை அழுத்திப் படியவைத்த ஃபெல்ட் என்றால் 5602. இவற்றைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

கண்ணை ஏமாற்றுவது அடுத்த கேள்வி: இந்தக் கம்பளி சிக்கெடுக்கப்பட்டதா, சீவப்பட்டதா? முதலாவது 5111, இரண்டாவது 5112.

சிக்கெடுக்கும் இயந்திரத்தில் கம்பிப் பற்கள் பதித்த உருளைகள் கம்பளியைப் பிரித்துப் பரப்புகின்றன. நீள இழையும் குட்டை இழையும் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்தபடியே நூலாகின்றன. இடையில் காற்று தங்குவதால் நூல் உப்பலாக, மயிர் சிலிர்த்தபடி இருக்கும். ட்வீட் கோட்டுத் துணி இப்படிப் பிறப்பதுதான். சீவிய துணிக்கு, அதாவது வர்ஸ்டட் துணிக்கு, இன்னொரு படி உண்டு. சீப்பு போன்ற இயந்திரம் குட்டை இழைகளைக் களைந்துவிட்டு, மிஞ்சிய நீள இழைகளை ஒரே திசையில் படியவைக்கிறது. தலைவாரிப் பின்னிய சடைபோல நூல் வழவழப்பாக வரும். கோட்டு, சூட்டுத் துணிகளில் பெரும்பாலானவை இந்த வகை.

துணியின் மேற்பரப்பைத் தடவிப் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகிவிடலாம். வர்ஸ்டட் ஃப்ளானல் என்று ஒரு துணி உண்டு. நெய்தது சீவிய நூலில். நெய்த பிறகு அதை நனைத்து அடித்து, மேலே மென்மயிர் எழுப்பிவிடுவார்கள். கைக்கு அது சிக்கெடுத்த துணிபோலவே தெரியும். எனவே பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல் உருவி, முறுக்கைப் பிரித்து, உள்ளே இழைகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். உண்மை நூலுக்குள்தான் இருக்கிறது.

அப்புறம் வருகிறது 85 சதவீதம். கம்பளியும் நுண்மயிரும் எடையில் அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு கிளை, குறைந்தால் வேறு கிளை. அளக்கும் முறை எளிது. துணித்துண்டை உலர்த்தி எடை போட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இடுவார்கள். கம்பளியின் கெரட்டின் புரதம் கரைந்துபோகும், பாலியஸ்டர் அப்படியே நிற்கும். மிச்சத்தைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போட்டால், குறைந்துபோன எடை கம்பளியுடையது. (வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சிலும் இதே பொருள்தான் இருக்கிறது. கம்பளிச் சால்வைப் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.)

இந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே வருகிறது. கெரட்டினில் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் இடங்கள் ஏராளம். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்துவிட்டும் கம்பளி கைக்கு உலர்ந்தாற்போலவே இருக்கும். பாலியஸ்டர் ஈரத்தைச் சீண்டுவதே இல்லை எனலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு இழை விதிகள், உலர்ந்த எடையோடு சேர்க்க வேண்டிய ஈரப் பங்கைச் சீவிய கம்பளிக்கு 18.25 சதவீதம், பாலியஸ்டருக்கு 1.5 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர்ந்த நிலையில் கம்பளி 84 கிராம், பாலியஸ்டர் 16 கிராம். ஈரப் பங்கைச் சேர்த்தால் 99.3-உம் 16.2-உம். கம்பளியின் விகிதம் கிட்டத்தட்ட 86 ஆகிவிட்டது! ஒரே துணி 85 என்ற கோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஆய்வக அறிக்கை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, அது உலர் எடையிலா ஈரப் பங்கு சேர்த்தா என்பதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

85-ஐத் தாண்டிய துணிக்குக் கடைசிக் கேள்வி, திருப்பூர்க்காரர்கள் தினமும் சொல்லும் ஜி.எஸ்.எம். சிக்கெடுத்த துணிக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எல்லை, சீவிய துணிக்கு 200. வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி, அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். இங்கும் ஈரம் விளையாடும். வறண்ட ஊரில் 197 காட்டிய துணி, கடலோரத்து ஈரக்காற்றில் 200-ஐத் தாண்டிவிடக்கூடும். அதனால்தான் ஆய்வகங்கள் துணியை 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் பல மணி நேரம் வைத்துவிட்டு எடை பார்க்கின்றன.

விலங்கு எது என்பதை மட்டும் ரசாயனம் சொல்லாது. செம்மறி, காஷ்மீர் ஆடு இரண்டின் மயிரும் கெரட்டின்தான், இரண்டுமே கரையும். நுண்ணோக்கியில் பார்த்தால் இழையைச் சுற்றி ஓடுவேய்ந்ததுபோலச் செதில்கள் தெரியும். செம்மறியில் அவற்றின் விளிம்பு பொதுவாக அரை மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடிப்பானது, காஷ்மீர் ஆட்டில் அதைவிட மெல்லியது. சுருங்காமல் இருக்கக் குளோரின் ஏற்றிய கம்பளியில் செதில்கள் தேய்ந்திருக்கும், அப்போது பார்ப்பவருக்கு அனுபவம் வேண்டும்.

காஷ்மீர் நெசவாளருக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். காஷ்மீர் ஆட்டின் மென்மயிரான பஷ்மினா இழையின் குறுக்களவு சுமார் 12 முதல் 16 மைக்ரான். திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் ஷாதூஷ் அதைவிட மெல்லியது, 1979 முதல் உலக வணிகத்தில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஏற்றுமதிக்குப் போகும் நல்ல பஷ்மினா சால்வையில் ஷாதூஷ் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால் சரக்கு அப்படியே நின்றுவிடும். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் பஷ்மினா சான்றளிப்பு மையத்தில் அந்த இழைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். தடை செய்யப்பட்ட மயிர் இல்லை என்று தெரிந்த சால்வைக்குத் தனி அடையாளக் குறி கிடைக்கிறது. அதைச் சரிபார்த்துக்கொண்டு சுங்க அதிகாரி சரக்கை விடுவிக்கலாம்.