ஒரே ஆளுக்கு ஏழு சீட்டு

அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். தஞ்சம் கேட்டு வந்த அந்தப் பெண் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரில் ஏழு சீட்டுகள் இருந்தன. மருத்துவமனை, சட்ட உதவி, பிள்ளையின் பள்ளி, தங்குமிடம் என்று ஆளுக்கொரு தேதி. அதில் இரண்டு ஒரே நாள், ஒரே நேரம். "எதுக்குப் போகாம விட்டா பிரச்சினை கம்மி?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். உளவள ஆலோசகரான என்னிடம் பதில் இல்லை.

போராலும் வன்முறையாலும் வீட்டை இழந்து ஓடியவர்கள் 2024 இறுதியில் 12 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். உதவ ஆள் இருக்கிற இடத்திலும், ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரிவதில்லை.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பிய நாட்காட்டியில் 13 மாதங்கள். ஆண்டும் ஏழெட்டு பின்தங்கி ஓடும். ஒரு அலுவலகம் கணக்குப் போட்டு மாற்றி எழுதும், இன்னொன்று சொன்னதை அப்படியே எழுதும். பிறந்த நாள் தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாடுகளில் நடப்பதுதான். பெயரின் எழுத்தும் இடத்துக்கு இடம் மாறும். பிறகு தஞ்ச விசாரணையில் இவையெல்லாம் 'முரண்பாடு' ஆகிவிடும். சித்திரவதைக்கு ஆளானவர் சொல்வதில் முன்னுக்குப்பின் முரண் வருவது இயல்பு என்று, சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்த 1999-இல் வந்த ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையே சொல்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் மருத்துவரின் அறிக்கை விசாரணைக்கு முன்பே வழக்கறிஞர் கைக்குப் போயாக வேண்டுமே! விசாரணை என்றைக்கு என்று மருத்துவருக்கு யார் சொல்வது?

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடவும் கூடாது. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒருவர் இரவில் அலறி எழுவதை ஒரு கூட்டத்தில் நல்லெண்ணத்தோடு சொன்னேன். மறுவாரம் தங்குமிடத்தில் அவரைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெகுநாள் என்னிடம் அவர் வாயே திறக்கவில்லை.

இப்போது நாங்கள் பகிர்வது ஒரே தாள்: எந்த மொழி, அதில் எந்த வட்டார வழக்கு, என்ன மருந்து, அடுத்தடுத்த தேதிகள், பொறுப்பாளர் யார், அவர் எண் என்ன. என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சம்மதம் வாங்குகிறோம்; வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மொழிபெயர்ப்பாளருக்கும் முன்கூட்டியே விவரம் சொல்லிவிடுகிறோம். பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது அறவே கிடையாது. அம்மாவுக்கு நேர்ந்ததை மகன் வாயால் சொல்ல வைப்பதா? மாதாந்தர ஒருங்கிணைப்புக் கூட்டம் சாதிக்காததை இந்தத் தாள் சாதித்திருக்கிறது என்பது என் அனுபவம்.

மோதிய இரண்டு சீட்டில் ஒன்றை மாற்ற அன்று மூன்று இடங்களுக்கு ஃபோன் போட்டேன். மூன்றாவதில் எடுத்தவர் பிறந்த தேதி கேட்டார். என் கோப்பில் இருந்தபடி ஜனவரி 1 என்றேன்.

"அப்படி யாரும் எங்க லிஸ்ட்டுல இல்லையே" என்றார்.