டாக்குமென்டேஷன்: ஆவணமா, உரையா?

நிரல்மொழி ஒன்றின் செந்தர நூலகத்தில், அதாவது மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பில், ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. அது என்ன செய்யும் என்று அதற்கான பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியிருப்பது ஒன்று, ஓட்டிப் பார்த்தால் நடப்பது வேறு. இதைக் கண்டுபிடித்தவர் "டாக்குமென்டேஷனில் தப்பு" என்று புகார் எழுதுகிறார். நூலகத்தைப் பராமரிப்பவர் "இல்லை, தப்பு நிரலில்தான்" என்கிறார். மூன்றாவதாக ஒருவர் வந்து "பத்து வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்" என்கிறார். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

இந்த வழக்கைத் தமிழில் பேசிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறோம். டாக்குமென்டேஷனுக்குத் தமிழ் என்ன? வெறும் பெயர்ப் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ, அது அந்த மூவரில் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பின்னணி. லத்தீனில் டொகேரே என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த டொகுமென்டும் என்ற சொல் பாடம், முன்மாதிரி, சான்று ஆகிய பொருள்களில் வழங்கியது. டாக்டர் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆசிரியர் என்பதே அதன் முதற்பொருள். அப்புறம் உரிமையை நிலைநாட்டக் காட்டும் எழுத்துச் சான்று என்ற பொருள் மேலோங்கியது. கணினித்துறைக்குள் வந்தபோது கற்பித்தல், சான்று என்ற இரண்டும் கூடவே வந்தன. நூலகத்தின் விளக்கப் பக்கத்தைத் திறக்கும் நிரலர் கற்றுக்கொள்ளவும் திறக்கிறார், "இதை நம்பி எழுதலாமா" என்று உறுதி செய்துகொள்ளவும் திறக்கிறார்.

தமிழில் புழங்கும் சொற்கள் பல. கையேடு நல்ல சொல், ஆனால் அது முழுப் புத்தகத்தைக் குறிக்கும். ஒரு செயற்கூறுக்கு மேலே எழுதும் நான்கு வரியைக் கையேடு என்றால் காதில் ஒட்டாது. விளக்கக் குறிப்பு கற்பித்தலைச் சொல்கிறது, சான்றைச் சொல்லவில்லை. ஆவணப்படுத்தல் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ஆவணப்படம், ஆவணக் காப்பகம் என்று பழகிய காதுக்கு ஆவணப்படுத்தல் என்றால் நடந்து முடிந்ததை அழியாமல் பதிவு செய்து வைப்பது. நூலகத்தின் டாக்குமென்டேஷன் நடந்ததைச் சொல்வதில்லை. நாளைக்கு நீங்கள் இந்தச் செயற்கூறை அழைத்தால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறது.

மிஞ்சுபவை இரண்டு: உரை, ஆவணம்.

உரை என்ற சொல்லின் கவர்ச்சி பெரிது. நிரலை ஏற்கெனவே மூலநிரல் என்கிறோம். மூலமும் உரையும் தமிழில் பிரியாத இணை. ஆகவே நிரல் மூலம், அதன் விளக்கம் உரை என்று சொன்னால் அழகாகப் பொருந்திவிடுகிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. மூலமும் உரையும் மாறுபட்டால் எது வெல்லும்? சந்தேகமே இல்லாமல் மூலம். உரையாசிரியர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். டாக்குமென்டேஷனை உரை என்று பெயரிட்ட அந்தக் கணமே, முரண் எங்கே வந்தாலும் நிரல்தான் சரி என்று தீர்ப்பு எழுதியாயிற்று. ஒரு குழு தனக்குள் எழுதிக்கொள்ளும் நிரலுக்கு இது சரியாக இருக்கலாம். லட்சக்கணக்கானவர்கள் உள்ளே எட்டிப் பார்க்காமலே நம்பிப் பயன்படுத்தும் செந்தர நூலகத்துக்கு இது சரியில்லை.

ஆவணம் வேறு குணம் கொண்ட சொல். சங்கப் பாடல்களில் அது கடைத்தெருவைக் குறிக்கும். பிற்காலத்தில் உரிமைப் பத்திரம் என்ற பொருளில் நிலைபெற்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆவணக்களரி என்ற சொல் வருகிறது; விற்பனைகளை எழுதிப் பதிந்துகொண்ட இடம் அது. ஆவணம் என்பது எழுதியவரைக் கட்டுப்படுத்தும் எழுத்து. பிற்பாடு மனம் மாறினாலும் எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான்.

இந்தச் சொல் மிக அருமையாக ஆளப்பட்ட ஓர் இடம் 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரர் தனக்கு வழிவழி அடிமை என்று சொல்லி முதியவர் ஒருவர் ஓலையோடு வருகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையில் முதியவரிடம் கேட்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்ட முடியுமா? ஆட்சி என்றால் நெடுநாளாக நடந்துவரும் அனுபவம். ஆவணம் எழுத்து. காட்சி பிறர் கண்டு சொல்லும் சாட்சி. முதியவர் அசரவில்லை. கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார்.

நம் மூவரும் அதே அவையில் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. "பத்து வருஷமாக ஓடுகிறது" என்பவர் ஆட்சியைக் காட்டுகிறார். "எழுதியிருப்பதைப் பாருங்கள்" என்பவர் ஆவணத்தைக் காட்டுகிறார். நூலகத்தோடு வரும் சோதனைகளும், அதே செயற்கூறை வேறொருவர் தனியாக எழுதிய இன்னொரு வடிவமும் அயலார் காட்சி. தீர்ப்புச் சொல்ல மூன்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி எது மூல ஓலை, எது படியோலை என்பது. நிரலர்கள் பழக்கத்தில் நிரலையே மூல ஓலை என்கிறோம். பயன்படுத்துபவர் கையில் வாங்கிய ஓலையோ ஆவணம்தான். அவரைப் பொறுத்தவரை அதுவே மூலம், நிரல் அதன் படி.

உண்மையான வழக்குகளில் இது எப்படி முடிந்திருக்கிறது என்று பார்ப்போம். ஜாவாவில் பின்ன எண்ணை அருகிலுள்ள முழு எண்ணாக்கும் மேத்.ரவுண்ட் என்ற செயற்கூறு உண்டு. ஜாவா 6 வரை அதன் ஆவணம், எண்ணோடு அரையைக் கூட்டி, வருவதற்குக் கீழேயுள்ள முழு எண்ணை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னது. நிரலும் அதையேதான் செய்தது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதே, முரண் எங்கே? 0.49999999999999994 என்ற எண்ணைக் கொடுத்தால் தெரியும். அரைக்குக் குறைவான எண், ஆகவே 0 வர வேண்டும். தாளில் கூட்டிப் பார்த்தாலும் 0-தான் வரும். கணினி பின்ன எண்களைக் குறிப்பிட்ட அளவு இலக்கங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளும் மிதவைப்புள்ளிக் கணக்கில் அதனோடு 0.5-ஐக் கூட்டினால் விடை 1 என்று முழுமையாகிவிடுகிறது. ஆகவே 1 வந்தது. ஆவணத்தைப் படித்தவர் கணிதத்தை நினைத்துக்கொண்டார், நிரல் கணினியின் எண்களைக் கூட்டியது. 2011-ல் வந்த ஜாவா 7-ல் இரண்டையும் திருத்தினார்கள். ஆவணம் மிக அருகிலுள்ள முழு எண் கிடைக்கும், சரிபாதியாக இருந்தால் மேலே போகும் என்று மாறியது. நிரலில் அந்த ஓர் எண்ணுக்கென்றே தனியாகப் பார்க்கும் வரி சேர்ந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஆவணத் திருத்தம். பழைய வாசகம் வேலை செய்யும் வழியைச் சொன்னது, புதியது கிடைக்கும் விளைவைச் சொல்கிறது. வழியைச் சொன்னால் அது உரை, விளைவுக்கு உறுதி கொடுத்தால்தான் ஆவணம்.

ஆட்சியே ஆவணமாகிப்போன கதையும் உண்டு. பைத்தான் 3.6, 2016 டிசம்பரில் வந்தபோது அதன் அகராதி வகை (ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு) புதிய முறையில் எழுதப்பட்டிருந்தது. சேர்த்த வரிசையிலேயே உறுப்புகள் திரும்ப வரத் தொடங்கின. இது உள்வேலையின் பக்கவிளைவு, இதை நம்பாதீர்கள் என்று ஆவணம் தெளிவாகச் சொன்னது. கண்ணெதிரே ஒழுங்காக வரும் வரிசையை எத்தனை பேர் நம்பாமல் இருப்பார்கள்? 2018 ஜூனில் வந்த 3.7-ல் அந்த வரிசையை மொழியின் உறுதிமொழியாகவே எழுதிவிட்டார்கள். கோ மொழி நேரெதிர் வழியில் போனது. பைத்தானின் அகராதிக்கு இணையான அதன் மேப் வகையில் வரிசைக்கு உறுதி இல்லை என்று சொல்வதோடு விடாமல், 2012-ல் வந்த முதல் பதிப்பிலேயே வரிசையை வேண்டுமென்றே கலைத்துக் கொடுக்கத் தொடங்கியது. ஆவணத்துக்கு எதிராக ஓர் ஆட்சி உருவாகவே விடக்கூடாது என்ற ஏற்பாடு இது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் நான் கோவின் பக்கம்.

ஹைரம் விதி என்று நிரலர்கள் சொல்வது இதைத்தான்: பயன்படுத்துபவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் வெளியே தெரியும் ஒவ்வொரு செயலையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். கோவின் நூலகத்தில் ஒரு பிழைச் செய்திக்கு மேலே, ஹைரம் விதியின் காரணமாக இந்த வாசகத்தை மாற்ற முடியாது என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நிலைக்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. நிரலில் உள்ள பிழையைக் குறிக்கும் பக் என்பதற்கு வழு என்ற சொல் கணித்தமிழில் ஏற்கெனவே பரவிவிட்டது. அந்த வழு இலக்கணத்திலிருந்து வந்தது. அதே இலக்கணத்தில் வழுவமைதி என்றும் உண்டு. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுதான், ஆனாலும் காரணம் இருப்பதால் அமைத்துக்கொள்வோம் என்பார்கள். தப்பு என்று தெரியும், காரணத்தோடு ஏற்றுக்கொள்கிறோம், ஏற்றதைச் சொல்லியும் வைக்கிறோம். நூலகப் பராமரிப்பில் அடிக்கடி நடப்பது இது, ஆங்கிலத்தில் இதற்கு இவ்வளவு கச்சிதமான ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து கிடையாது.

சி மொழியின் மெம்காப்பி என்ற செயற்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் படியெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உறுதி இல்லை, அதற்கு மெம்மூவ் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்று செந்தரமே சொல்கிறது. நடைமுறையில் பல காலம் படிந்த இடங்களிலும் மெம்காப்பி தற்செயலாகச் சரியாகவே வேலை செய்தது. 2010-ல் லினக்ஸில் புழங்கும் ஜிலிப்சி நூலகம், வேகத்துக்காகச் சில செயலிகளில் படியெடுக்கும் திசையை மாற்றியது. பரவலாகப் பயன்பட்ட ஓர் உலாவிச் செருகுநிரலில் ஒலி கரகரவென்று சிதைந்தது. ஆவணப்படி நூலகம் செய்தது சரி. ஆட்சிப்படி பயன்படுத்துபவர்களின் கணினி கெட்டுப்போனது. ஜிலிப்சி 2.14-ல் வந்த தீர்வு அசல் வழுவமைதி: பழைய பதிப்போடு தொகுக்கப்பட்ட (கம்பைல் செய்யப்பட்ட) நிரல்களுக்குப் பழைய, பாதுகாப்பான வடிவம், புதிதாகத் தொகுப்பவற்றுக்கு ஆவணம் சொல்லும் வடிவம்.

அரிதாக, ஆவணமும் நிரலும் ஒத்துப்போய் இரண்டுமே தப்பாக இருப்பதும் உண்டு. பைத்தானில் நேரம் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதித்தால், அந்த நேரம் நள்ளிரவாக இருக்கும்போது மட்டும் "இல்லை" என்று வந்துகொண்டிருந்தது. ஆவணத்திலும் அப்படியே இருந்தது. பலரை இடறிவிட்ட இதை 3.5 பதிப்பில் நீக்கினார்கள். எழுதி வைத்துவிட்டோம் என்பது எப்போதும் போதுமான காரணம் ஆகாது.

சரி, சொற்களை முடிவு செய்வோம். டாக்குமென்டேஷன் ஆவணம். அதை எழுதும் வேலைக்கு ஆவணமாக்கம் போதும். பிஹேவியருக்கு நடத்தை என்று எழுதுகிறார்கள். ஒழுக்கத்தைப் பேசுவது போல இருக்கிறது. ஆட்சி என்ற பழஞ்சொல்லை மீட்க ஆசைதான், ஆனால் இன்றைக்கு அது அரசாங்கத்தைக் குறிக்கிறது. செயல்பாடு என்பதே எல்லோருக்கும் புரியும். இரண்டும் மாறுபட்டு நிற்பதை ஆவண முரண் என்று சொல்லலாம்.

ஆவண முரணையும் ஆவணப் பிழையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. முரண் என்பது இன்னும் தீர்ப்பாகாத நிலை. ஆவணத்தைத் திருத்த வேண்டும் என்று முடிவான பிறகே அது ஆவணப் பிழை. நிரலைத் திருத்த வேண்டும் என்றால் வழு. இரண்டையும் விட்டுவைத்து, உள்ளதை உள்ளபடி எழுதிச் சேர்த்தால் வழுவமைதி. புகார் எழுதுபவர் "ஆவணப் பிழை" என்று தலைப்பிட்டால் விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். "ஆவண முரண்" என்று தலைப்பிட்டு, ஆவணத்தின் வரியையும் ஓட்டிப் பார்த்த விளைவையும் பதிப்பு எண்ணையும் தந்தால் பராமரிப்பவர் மூன்று சான்றுகளையும் தாமே எடைபோட முடியும்.

ஆவணத்துக்குள்ளேயே எது உறுதிமொழி, எது வெறும் தகவல் என்று பிரித்துக் காட்டும் வழக்கமும் வந்திருக்கிறது. ஜாவா 8-லிருந்து அதன் நூலக ஆவணங்களில் பயன்படுத்துபவருக்கான குறிப்பு, இந்த வடிவம் கட்டாயம் செய்ய வேண்டியது, இந்த வடிவம் இப்போதைக்குச் செய்வது என்று மூன்று தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. ஓலையில் எந்த வரி கட்டுப்படுத்தும், எந்த வரி கட்டுப்படுத்தாது என்று கோடு போட்டுக் கொடுப்பது போல.

காட்சிக்கும் ஒரு கருவி இருக்கிறது. ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டுகளை அப்படியே ஓட்டிப் பார்த்து, எழுதிய விடை வருகிறதா என்று சரிபார்க்கும் டாக்டெஸ்ட், பைத்தானின் செந்தர நூலகத்தில் 2001-ல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ரஸ்ட், கோ மொழிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. தமிழில் இதற்கு ஆவணச் சோதனை என்று பெயர் வைக்கலாம். நான் ஆவணக்காட்சி என்றுதான் எழுதிப் பார்க்கிறேன். ஆவணம் மாறாமல் நிரல் மட்டும் மாறினாலும், நிரல் மாறாமல் ஆவணம் மட்டும் மாறினாலும், அந்த எடுத்துக்காட்டு தொட்ட இடத்தில் முரண் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.